இலையுதிர் காலத்துக்கென்று தனி அலமாரி தேவையில்லை

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: அலமாரி முழுக்கக் கோடை உடுப்புகள் இருக்கின்றன, குளிர் தொடங்கப் போகிறது, எதை எடுத்து வைப்பது, எதை வைத்துக்கொள்வது, இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனியாக என்னென்ன வாங்குவது? கூடவே, போன வருடம் வாங்கிய கம்பளிக் கோட் ஸ்வெட்டருக்கு மேல் போட்டால் இறுக்குகிறது, என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். படித்துப் பார்த்ததில், உங்களுக்கு வேண்டியது வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல் இல்லை என்று தோன்றுகிறது. கையில் இருப்பதில் எது குளிரிலும் வேலை செய்யும், எது செய்யாது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிய வேண்டும். அது பிடிபட்டால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, 18 ஆண்டுகளாக ஆடைத் தயாரிப்பில் துணி தேர்வு, அளவு சரிபார்ப்பு, பழுது பார்த்தல் என்று இருக்கிறேன். இழை, ஈரம், வெப்பம் பற்றி நான் சொல்வது ஆய்வுக்கூடங்களில் அளந்து உறுதியானது. நிறம், தோற்றம், எப்போது மாற்றுவது என்பதெல்லாம் என் கண்ணும் அனுபவமும் சொல்வது; நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பூஜ்யம் டிகிரிக்கு ஐந்தாறு டிகிரி மேலே கீழே போகிற குளிரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மைனஸ் இருபது, முப்பது என்று இறங்குகிற இடங்களில் உடுப்பு வேறு ஒரு கலை. அங்கே வாழ்கிறவர்களிடம் கேளுங்கள். குளிரில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகிறது, கம்பளி பட்டால் தோல் தடிக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் உறுதியானது. உடுப்பு சூட்டை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்குகிற சூடு வெளியே போவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது, நூலுக்கும் நூலுக்கும் நடுவிலும் துணிக்கும் துணிக்கும் நடுவிலும் அசையாமல் நிற்கிற காற்று. தண்ணீர் அந்தக் காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். இந்த ஒரு விவரத்திலிருந்து மீதி எல்லாம் வந்துவிடும். காற்றைப் பிடித்து வைக்கிற துணி இதம் தரும், காற்று ஓடிப்போகிற துணி குளிரும், நனைந்த துணி எல்லாவற்றிலும் மோசம். கம்பளி இழை இயல்பாகவே சுருண்டது. அதனால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்காமல் இடம் விட்டு நிற்கும். லினன் இழை நேராக, வழவழப்பாக இருந்து நெருங்கிப் படுத்துவிடும், கோடையில் அது சுகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பளியிலேயே, சீவி இறுக்கி முறுக்கிய நூலில் நெய்த வழவழப்பான சூட் துணியைவிட, தளர்வான நூலில் பஞ்சு பஞ்சாக இருக்கிற ஃபிளானல் அதிகக் காற்றைப் பிடிக்கும். கடையில் துணியை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தி விடுங்கள். உடனே பழையபடி எழும்பினால் உள்ளே காற்று இருக்கிறது.

இதை அளப்பதற்கு 1941-ல் க்ளோ என்று ஓர் அலகு வகுத்தார்கள். சுமார் 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரை இதமாக வைத்திருக்கிற உடை 1 க்ளோ. சட்டை, பேன்ட், மேல்கோட்டு சேர்ந்த ஒரு சூட் ஏறக்குறைய அந்த அளவு வரும். கட்டடங்களில் வெப்பநிலையைத் திட்டமிடுகிற பொறியாளர்கள் இன்றும் இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் அட்டவணையில் அரைக்கை டி-ஷர்ட் 0.08, முழுக்கைச் சட்டை 0.25, மெல்லிய முழுக்கை ஸ்வெட்டர் 0.25, தடித்த ஸ்வெட்டர் 0.36. இப்போது கூட்டிப் பாருங்கள். மெல்லிய ஸ்வெட்டர் இரண்டு சேர்ந்தால் 0.50, ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட அதிகம். அடுக்குகள் ஒன்றையொன்று அழுத்துவதால் கூட்டல் துல்லியமாக வராது, ஆனாலும் போக்கு அதுதான். இரண்டு மெல்லியதில் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம், தடித்த ஒன்றைப் பாதி கழற்ற முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கோடையில் வெயிலுக்காக நீங்கள் போட்ட முழுக்கைக் காட்டன் சட்டை ஒரு மெல்லிய ஸ்வெட்டருக்குச் சமம். அதை ஏன் மூட்டை கட்ட வேண்டும்?

அடுத்தது ஈரம். சாதாரண அறைக் காற்றில் காட்டன் தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும், கம்பளி சுமார் 16 சதவீதம், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. கம்பளி வியர்வை ஆவியை இழைக்குள்ளேயே இழுத்துக்கொள்வதால் மேற்பரப்பு உலர்ந்த மாதிரியே இருக்கும், இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் விடும். காட்டன் வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் நடுவில் இருந்த காற்று போய்விடும். பாலியஸ்டர் குடிக்காது, மேலே பரப்பிவிட்டுச் சீக்கிரம் காயும், ஆனால் வியர்வை வாடையைப் பிடித்துக்கொள்ளும். காட்டன் இப்படி நனைந்து ஒட்டிக்கொள்வதுதான் மலையேறுபவர்கள் அதைத் தொடாததற்குக் காரணம். அதைக் கேட்டுவிட்டு அலுவலகம் போகிறவர்களும் காட்டன் உள்ளாடையைக் கண்டு பயப்படுகிறார்கள், அது தேவையில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு உள்ளே காட்டன் போதும். வேகமாக நடந்துபோய், வியர்த்த பிறகு ரயிலுக்காகப் பத்து நிமிடம் நின்றுகொண்டிருப்பவருக்குத்தான் சிக்கல். அவர் நடக்கும்போதே கோட்டைத் திறந்துவிட வேண்டும், நின்றதும் மூட வேண்டும்.

சரி, இப்போது இலையுதிர் காலத்துக்கு வருவோம். அந்தப் பருவத்தின் தொந்தரவு குளிரைவிட ஏற்ற இறக்கம்தான். காலையில் 8 டிகிரி, மதியம் 20, மாலையில் காற்று. இதற்கு ஈடுகொடுப்பது நிமிடத்தில் திறந்து மூடக்கூடிய உடுப்பு: முன்பக்கம் பொத்தான் வைத்த கார்டிகன், கையில்லாத மேலங்கி, பைக்குள் சுருட்டி வைக்கிற ஸ்கார்ஃப், சட்டை மாதிரித் தைத்த தடித்த மேல்சட்டை. தலை வழியாக மாட்டுகிற ஸ்வெட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த மாதங்களில் கைகொடுக்காது. ஆகவே என் பதில்: இலையுதிர் காலத்துக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கோடை உடுப்பு உள்ளே, குளிர்கால உடுப்பில் மெல்லியது மேலே, இந்தச் சேர்க்கைதான் இலையுதிர் கால உடுப்பு. குளிர்காலம் முழுதாக வந்த பிறகும் உள்ளே இருப்பது பெரிதாக மாற வேண்டியதில்லை. சூடேற்றிய கட்டடங்களுக்குள் 20, 22 டிகிரி இருக்கும். உள்ளே தடித்த பனியன் போட்டவர் அதைக் கழற்ற வழியில்லாமல் நாள் முழுக்கப் புழுங்குவார். கழற்ற முடியாதது மெல்லியதாகவும் கழற்றக்கூடியது தடித்ததாகவும் இருக்கட்டும்.

கோடை உடுப்பில் எது தாக்குப்பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முழுக்கைக் காட்டன் சட்டைகள், பட்டுச் சட்டைகள், மெல்லிய டி-ஷர்ட்டுகள் எல்லாம் உள்ளடுக்காகக் குளிர்காலம் முழுக்க ஓடும். பட்டு குறிப்பாக நல்லது: மெல்லியது, வழவழப்பானது, மேலே போடுகிற ஸ்வெட்டர் சிக்காமல் நழுவும். விஸ்கோஸ் கவுன், பூப்போட்ட மெல்லிய கவுன் இவற்றுக்கு மேல் தடித்த பின்னலாடையும் கீழே பூட்ஸும் போட்டால் நவம்பர் வரை இழுக்கலாம். டெனிம் எல்லாப் பருவத்துக்கும் பொது. லினனில்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். கனமான லினன் சட்டையை மேல்சட்டையாகக் கொஞ்ச நாள் போடலாம். ஸ்வெட்டருக்குள் போட்டால் கசங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். லினன் பேன்ட்டில் காற்று நேராகப் புகும், அதற்கு மேல் அடுக்கு போடவும் வழியில்லை. முதலில் எடுத்து வைக்க வேண்டியது அதுதான். இடுப்புக்குக் கீழே நாம் பெரும்பாலும் ஒரே அடுக்குதான் போடுகிறோம், அதனால் பேன்ட் துணி மேல்சட்டைத் துணியைவிட முக்கியம். க்ளோ கணக்கில் மெல்லிய பேன்ட் 0.15, தடித்தது 0.24. உடம்பின் மேல்பாதியை மூட்டையாகச் சுற்றிக்கொண்டு, காலில் கோடைப் பேன்ட்டோடு நடுங்குகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கார்டுராய், ஃபிளானல், தடித்த ட்வில் என்று ஒரு பேன்ட் வாங்குவது மூன்றாவது ஸ்வெட்டர் வாங்குவதைவிடப் பயன் தரும்.

நிறம் பற்றி இது என் கருத்து மட்டும்: எந்த நிறமும் எந்தப் பருவத்துக்கும் சொந்தமில்லை. வெள்ளையைக் குளிர்காலத்தில் போடக் கூடாது என்பது பழக்கம், துணியில் அதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஓர் உடுப்பைக் கோடைக்கானதாகக் காட்டுவது அதன் மேற்பரப்பு. மொடமொடப்பு, பளபளப்பு, ஒளி ஊடுருவுவது இதெல்லாம் கோடையை நினைவூட்டும். பஞ்சுத்தன்மை, மங்கல், கனம் குளிர்காலத்தை நினைவூட்டும். வெள்ளைக் காட்டன் பேன்ட் டிசம்பரில் ஏதோ மறந்து போட்டது போலத் தெரியும், அதே வெள்ளையில் கம்பளிப் பேன்ட் அவ்வளவு நன்றாக இருக்கும். அதனால் கோடை உடுப்பு ஒன்றைப் போடும்போது பக்கத்தில் கனமான மேற்பரப்பு ஒன்றையாவது சேருங்கள். பெரும்பாலும் அதை உடம்பின் கீழ்ப்பகுதியில், காலணியில் சேர்ப்பது எனக்குப் பிடிக்கும். செருப்பை மூடிய ஷூவாக மாற்றினாலே பாதி உடுப்பு பருவம் மாறிவிடும்.

காலணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கோடை ஷூவுக்குள் தடித்த சாக்ஸைத் திணிக்காதீர்கள். இறுக்கினால் சாக்ஸில் இருக்கிற காற்று நசுங்கும், ரத்த ஓட்டமும் குறையும், மெல்லிய சாக்ஸ் போட்டதைவிட அதிகமாகக் குளிரும். குளிர்கால பூட்ஸை, போடப்போகிற சாக்ஸோடு மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், மாலையில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். காலுறை வகையில், நைலான் ஸ்டாக்கிங்கின் மேல் எழுதியிருக்கும் டெனியர் எண் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 20 டெனியர் என்றால் கால் தெரியும், 80 என்றால் ஏறக்குறைய மூடிவிடும். ஆனால் சூட்டுக்கு இவற்றை நம்ப வேண்டாம். மெல்லிய ஸ்டாக்கிங் வெறும் 0.02 க்ளோ. பாவாடையோ கவுனோ போடுகிறவர்கள் கம்பளி கலந்த பின்னல் காலுறைக்குப் போய்விடுங்கள்.

பணம் செலவில்லாமல் கிடைக்கிற சூடு கழுத்தில் இருக்கிறது. உடம்பைச் சுற்றிச் சூடான காற்று மேலே எழும்பும், திறந்த கழுத்து வழியாகப் புகைபோக்கி போல வெளியேறும், அந்த இடத்துக்குக் கீழே இருந்து குளிர்காற்று வரும். ஸ்கார்ஃப் அந்த வாசலை அடைக்கிறது. மணிக்கட்டும் அப்படித்தான். தலை வழியாக உடல் சூட்டில் பாதி போகிறது என்று பரவலாகச் சொல்வார்கள், அது சரியில்லை. தலை உடலின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு, மற்ற இடங்களைப் போலவே அதன் பங்குக்குத்தான் வெப்பம் இழக்கும். மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தலையை மட்டும் திறந்து விடுவதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. தொப்பி போடுங்கள், ஆனால் தொப்பி போட்டாயிற்று என்று கால்களை மறக்காதீர்கள். காற்று வீசும் நாளில் பின்னலாடை மட்டும் மேலே இருந்தால் அது வலை மாதிரிதான், பிடித்து வைத்த காற்றை எல்லாம் வெளியே விட்டுவிடும். கோடை மழைக்கு வாங்கிய மெல்லிய மழைக்கோட்டை அதன் மேல் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். அதனால் மழைக்கோட்டையும் எடுத்து வைக்க வேண்டாம்.

புதிதாக வாங்குவது என்றால் என் வரிசை இது: முதலில் பூட்ஸும் இரண்டு மூன்று ஜோடி கம்பளி சாக்ஸும், அப்புறம் ஒரு தடித்த பேன்ட், அப்புறம் மெல்லிய மெரினோ (மெரினோ ஆட்டின் நுண்ணிய கம்பளி) ஸ்வெட்டர், கடைசியாகக் கோட். கோட் கடைசி என்பது முக்கியமில்லை என்பதால் இல்லை. மற்றவை முடிவான பிறகுதான் அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியும். கம்பளி குத்துகிறது என்பவர்களுக்கு ஒரு விளக்கம்: தோலில் குத்துவது சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகளின் முனை. அப்படிப்பட்ட இழைகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் பலருக்கும் அரிக்கும். நல்ல மெரினோ 20 மைக்ரானுக்குக் கீழே இருப்பதால் வளைந்து கொடுக்கும். முன்னங்கையில் வேண்டாம், கழுத்தின் பக்கவாட்டில் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். லேபிளில் கம்பளி கலந்தது என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்காதீர்கள், சதவீதத்தைப் படியுங்கள். உறுதிக்காக 20 சதவீதம் நைலான் சேர்ந்திருந்தால் குறையில்லை. 10 சதவீதம் கம்பளியும் மீதி அக்ரிலிக்கும் என்றால் அக்ரிலிக் கோட் என்றே நினைத்து முடிவு செய்யுங்கள்.

எடுத்து வைக்கிற கோடை உடுப்புகளை, ஒரு தடவை மட்டுமே போட்டிருந்தாலும், துவைத்த பிறகே வையுங்கள். இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். பார்க்கச் சுத்தமாக இருந்த ஒரு தந்த நிறப் பட்டுச் சட்டையை அப்படியே மடித்து வைத்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்தபோது அக்குளில் மஞ்சள், நெஞ்சில் எப்போதோ சிந்திய பானத்தின் பழுப்புத் துளிகள். வியர்வையும் தோல் எண்ணெயும் காற்றுபட்டு மெதுவாக நிறம் மாறும், சர்க்கரைக் கறை காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து பிறகு பழுக்கும். அந்தச் சட்டை மீளவே இல்லை. கஞ்சி போட்டு வைக்காதீர்கள், மடிப்பில் துணி இற்றுவிடும், வெள்ளிப்பூச்சியும் வரும். சலவைக்கடை பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுப் பழைய காட்டன் தலையணை உறையில் போடுங்கள். முழுதாகக் காயாமல் எதையும் உள்ளே வைக்கக் கூடாது.

வெளியே எடுக்கிற குளிர்கால உடுப்புகளை ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்துப்பூச்சியில் துணியைத் தின்பது புழு மட்டும்தான், வளர்ந்த பூச்சி எதையும் தின்னாது. கம்பளி, இறகு, பட்டு போன்றவைதான் அதற்கு உணவு. காட்டனில் வியர்வையோ கறையோ இருந்தால் அதையும் கடிக்கும். விளக்கைச் சுற்றுகிற பூச்சி பெரும்பாலும் வேறு இனம், துணி அந்து இருட்டைத்தான் தேடும். சந்தேகம் இருந்தால் உடுப்பைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் துணியில் நீர் கோக்காது. தேவதாரு மரத்துண்டுகளை நம்பிப் பலர் வைக்கிறார்கள். அதன் எண்ணெய் சிறு புழுக்களை ஓரளவு பாதிக்கும், ஆனால் அலமாரியில் ஒரு துண்டு வைத்தால் போதும் என்று சொல்ல முடியாது, வாசனையும் சீக்கிரம் போய்விடும். நாப்தலின் அந்துருண்டையை நான் பயன்படுத்துவதில்லை. அந்த ஆவி நமக்கும் நல்லதில்லை, சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் அளவுக்கு ஆபத்தானது. சுத்தமும் அடிக்கடி உதறிப் பார்ப்பதும்தான் நிச்சயமான காவல். ஸ்வெட்டரை ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், எடை தாங்காமல் தோள் நீண்டுவிடும். துவைக்க வேண்டும் என்றால் வெதுவெதுப்பான நீர், கம்பளிக்கான சோப்பு, கசக்காமல் அமுக்கி எடுத்து, துண்டில் சுருட்டி, சமமான இடத்தில் விரித்துக் காயவிடுவது. சூடும் உராய்வும் சேர்ந்தால் கம்பளியின் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு ஸ்வெட்டர் பாதியாகச் சுருங்கும், அதைத் திருப்ப முடியாது.

எப்போது மாற்றுவது என்பதற்குத் தேதி கிடையாது. ஒரே அறையில் ஒருவர் ஸ்வெட்டரோடும் இன்னொருவர் அரைக்கையோடும் இருப்பதைப் பார்க்கிறோம், அதனால் இத்தனை டிகிரியில் இந்த உடுப்பு என்று யார் சொன்னாலும் அது அவர் உடம்புக்கு மட்டும் சரி. நான் செய்வது இது: ஒரு வாரத்தில் நான்கு காலைகள் கார்டிகனைத் தேடினால் லினனையும் செருப்புகளையும் எடுத்து வைக்கிறேன், வேறு எதையும் தொடுவதில்லை. கோட் தேவைப்படுகிற முதல் வாரத்தில் கையில்லாத உடுப்புகள் போகும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் மாற்றினால் அடுத்த வாரம் வெயில் அடிக்கும்போது பெட்டியைக் கிளற வேண்டியிருக்கும்.

கடைசியாக உங்கள் கோட். எங்கே இறுக்குகிறது என்று பாருங்கள். தடித்த ஸ்வெட்டரோடு போட்டு, பொத்தானை மாட்டி, இரண்டு கைகளையும் முன்னால் குறுக்கே கட்டுங்கள். வயிற்றிலோ இடுப்பிலோ மட்டும் பிடித்தால் வழி இருக்கிறது. லைனிங்கின் கீழ் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து, பக்கத் தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று தையல்காரரிடம் பார்க்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே சுற்றளவு நன்றாகத் தளரும், பொத்தானையும் ஓர் அங்குலம் தள்ளி வைக்கலாம். பழைய தையல் கோடு துணியில் தெரியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முதுகின் மேல்பகுதியிலும் கைக்குழியிலும் இழுத்தால் அந்தக் கோட்டைப் பிரித்துச் சரிசெய்வது கஷ்டம். தோளைப் பெரிதாக்க அங்கே துணியே இருக்காது. அப்படியென்றால் அதை விட்டுவிட வேண்டாம். அடியில் ஸ்வெட்டருக்குப் பதிலாக முழுக்கைச் சட்டையும், கையில்லாத மெல்லிய கம்பளி மேலங்கியும் போட்டுப் பாருங்கள். கைக்குழியில் இடம் கிடைக்கும், நெஞ்சும் முதுகும் சூடாக இருக்கும். அதுவும் பிடித்தால், இலையுதிர் காலத்தில் சட்டைக்கு மேல் போடுகிற கோட்டாக அதை வைத்துக்கொண்டு, குளிர்காலத்துக்கு ஒரு அளவு பெரியதாகத் தேடுங்கள்.